நாற்பத்தொரு நிமிட அழைப்பு

ஆமாம் சார், பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான். ஆகஸ்ட் இருபத்துமூன்று, மாலை ஐந்து முப்பத்திரண்டு, நாற்பத்தொரு நிமிடம். 'பேசியவர்கள்' என்ற கட்டத்தில் 'தகப்பன், மகன்' என்று எழுதியதும் நான்தான். அந்தத் தகப்பன், பெரியவர் வியாகுலம், இறந்தது அதே மாதம் பன்னிரண்டாம் தேதி. அதுவும் எனக்குத் தெரியும். அடக்கத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டில் இறந்தவர் இருபத்துமூன்றில் எப்படிப் பேசினார் என்று கேட்கத்தானே சாட்டிலைட் போன் திட்ட அலுவலகத்தில் இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

மீனவர் சங்கத் தலைவர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். "பெனிட்டா, அந்தக் கட்டத்துல மருத்துவ அவசரம்னு மாத்தி எழுதிருமா. ஒனக்கும் நல்லது, படகுக்கும் நல்லது." அவர் சொல்வது சரிதான். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீங்கள் நல்லபடியாக எழுதினால் இன்னும் ஒரு வருடம். இல்லாவிட்டால் எனக்கு வேலை போகும், அவர் மகன் கிளீட்டஸ் படகில் இருக்கும் சாட்டிலைட் போனையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். எல்லாம் தெரிந்துதான் சார் மாற்றாமல் வைத்திருக்கிறேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொய் எழுத எனக்கு வராது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் போனவள். ஏதாவது தப்பு செய்தால் காலேஜில் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று இன்றைக்கும் பயம்.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

இங்கிருந்து பத்துப் படகுகள் ஒன்றாகப் போகும். லட்சத்தீவையும் தாண்டி மேற்கே. சூரை மீன், சுறா. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தடைக்காலம் முடிந்ததும் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். செல்போன் கரையில் இருந்து கொஞ்ச தூரம்தான் எடுக்கும். பத்துப் படகுக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்தது ஒரு சாட்டிலைட் போன். அது கிளீட்டஸ் ஸ்ராங்கு கையில். ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டிக்கொண்டு போகிறவர் சார். என்னிடம் ஒரு போன். தினமும் ஐந்தரை மணிக்கு நான் கூப்பிடுவேன். காற்று, அலை, எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை முதலில் சொல்வேன். அவர் அதை ஒயர்லெஸ்ஸில் மற்ற ஒன்பது படகுக்கும் சொல்வார். பிறகு வீட்டுச் செய்தி, ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம்தான் விதி. யார் வீட்டுக்குச் செய்தி இருந்தாலும் என் வழியாகத்தான் போகும். வேறு வழி கிடையாது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போன் கூரைக்குக் கீழே வேலை செய்யாது, உங்களுக்குத் தெரியும். வானம் தெரிய வேண்டும். அதனால் பின்னால் இருக்கும் முற்றத்தில் நின்றுதான் பேசுவோம். ஏரியலை நேராகப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன், வீட்டார்கள் சுற்றி நின்று பேசுவார்கள். ரகசியம் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். நாம் பேசுவது மேலே சாட்டிலைட்டுக்குப் போய்க் கீழே இறங்கி, அவர்கள் பதில் திரும்ப மேலே போய் நம்மிடம் வர ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் நாம் மறுபடி வாயைத் திறந்தால் இரண்டு பேச்சும் மோதி ஒன்றும் விளங்காது. அதனால் எல்லாருக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். பேசி முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பிறகு கேளுங்கள். பெண்கள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூட விரலை மடக்கிக்கொண்டு நிற்கும்.

பெரியவர் வியாகுலம் மட்டும் பழகவே இல்லை.

கிளீட்டஸின் அப்பா சார். அவரும் முன்பு ஸ்ராங்குதான். தினமும் ஐந்து மணிக்கே வந்து அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர் ஆட்டித்தான் அது அப்படி ஆனது. மகனோடு பேச வருவார் என்று சொல்ல முடியாது. மகனைத் திட்ட வருவார். "லே கிளீட்டஸ், எங்கலே நிக்க? கேக்குதாலே? என்னலே வாயில கொழுக்கட்டையா? நேத்து தெக்க போவாதேண்ணு சொன்னனா இல்லியா? லே, கேக்குதா?" மூச்சு விடமாட்டார். அந்தப் பக்கம் கிளீட்டஸ் "அப்பா, நான்..." என்பார். அதற்கு மேல் இவர் ஏறிவிடுவார். "அப்பா, அது வந்து..." மறுபடி ஏறிவிடுவார். மூன்று நிமிடமும் இப்படியே போகும்.

நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பெரியவரே, பேசி முடிச்சதும் ஒன்று, இரண்டு எண்ணுங்க."

"எதுக்குட்டி எண்ணணும்? நான் பேசுனா அவன் கேக்கணும்."

"அவர் பதில் மேலே போய் வர நேரம் ஆகும்."

"மேல என்ன, ஆள் நிக்கானா வாங்கிக் குடுக்க?"

சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கணக்குப்படி அவருக்கு மூன்று நிமிடம்தான், அது நாலாகும், ஐந்தாகும், அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். முடிக்கும்போது மட்டும் ஒரே வார்த்தைதான். "தூங்கிராதலே." தினமும் அதேதான். முப்பத்தெட்டு வயது மகனைப் பார்த்து, பத்துப் படகுக்கு முன்னால் போகிற மனிதரைப் பார்த்து, தூங்கிராதலே. சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். பதிலுக்கு நிற்கமாட்டார்.

ஒரு நிமிடம் சார், செல்போன் அடிக்கிறது. என் அப்பாதான். இருக்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் டீக்கடையில் கையில் கிளாசோடு உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ராங்கின் வீட்டில் சாவு என்றால் படகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். ஸ்ராங்கு திரும்பினால் போன் திரும்பும். போன் திரும்பினால் மற்ற ஒன்பது படகும் அங்கே நிற்கக் கூடாது. இரண்டு மாதத் தடைக்குப் பிறகு போன முதல் பயணம் சார். பத்துப் படகு, நூறு பேருக்கு மேல். நாலு நாள் ஆகும் வந்து சேர. அதுவரை உடலை ஐஸ் பெட்டியில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கிளீட்டஸின் அம்மா, ரோசம்மா, அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாப்பது வருஷம் மீனை ஐசுல வச்ச மனுஷன். அவர ஐசுல வைக்க வேண்டாம்." அவ்வளவுதான். மறுநாளே அடக்கம். மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் அவர்தான் முடிவு செய்தார். பத்துப் படகு வீட்டார்களிடமும் சொல்லி வைத்தார்கள். கடைசியாக என்னிடம் வந்தார்கள், நான்தானே வாசல்.

நான் சொல்லிவிட்டேன். "சொல்ல வேண்டாம் என்றால் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்லமாட்டேன்."

பன்னிரண்டாம் தேதி மாலை கிளீட்டஸ் கேட்டார், "அப்பன எங்க?" நான், "இன்று வரவில்லை" என்றேன். அது உண்மை. மறுநாளும் வரவில்லை என்றேன். அதுவும் உண்மை. பதினான்காம் தேதி, "என்ன, மூணு நாளா சத்தமில்ல? ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். என்ன சொல்ல? மெதுவாகக் கூரைக்குக் கீழே நடந்து வந்துவிட்டேன். போன் கட்டாகிவிட்டது. பொய் சொல்லவில்லை சார். நடந்தேன், அவ்வளவுதான்.

பதினைந்தாம் தேதி மதியம் ரோசம்மா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவரின் தம்பி, பிரகாசம். வலை பின்னுகிற கடையில் இருப்பவர். வாயைத் திறந்தார் சார். அப்படியே அண்ணனின் குரல். முகம் வேறு, ஆள் சாது, நான் கண்டித்தால் அழுதுவிடுவார் போல இருக்கிறார். குரல் மட்டும் அதே குரல்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் மக்கா. போன மட்டும் பிடி," என்றார் ரோசம்மா.

போனைப் பிடிப்பது என் வேலை. அதில் பொய் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு காரியத்தை எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. பேச்சு மோதிக் குழம்பினால் கிளீட்டஸ் திரும்பத் திரும்பக் கேட்பார், பிரகாசம் உளறிவிடுவார். அதனால் அவரை முற்றத்தில் நிறுத்தி அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். பேசுங்க. நிறுத்துங்க. ஒன்று, இரண்டு. இப்போ கேளுங்க. அவர் நல்ல மாணவர். விரலை மடக்கி மடக்கிப் பழகினார். "திட்டணுமா பிள்ளே?" என்று ஒரு தடவை கேட்டார். "திட்டித்தான் ஆகணும்," என்றார் ரோசம்மா.

ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். வானிலை சொன்னேன். பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லே கிளீட்டஸ், எங்கலே நிக்க?" என்றார். நிறுத்தினார். விரலை மடக்கினார். ஒன்று. இரண்டு.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் வாட்சைப் பார்த்தேன். பதினோரு நொடி. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "நிக்கேன்பா. நேத்து சொன்ன எடத்துலதான் நிக்கேன்," என்றார் கிளீட்டஸ். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

பிரகாசம் எண்ணினார். "சாப்ட்டேன்லே. நீ?"

அவ்வளவு தெளிவாக அந்தப் போனில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தை மோதவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அரை மணி நேரப் பயிற்சியில் எப்படிப் பேசுகிறார் என்று.

மறுநாளில் இருந்து கிளீட்டஸே முதலில் கேட்பார், "அப்பா வந்திருக்காங்களா?" பிரகாசம் திட்டுவதற்கு ரோசம்மா பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பார். மூன்றாம் நாளுக்குப் பிறகு திட்டே தேவைப்படவில்லை. கிளீட்டஸ் பேசிக்கொண்டே இருப்பார், பிரகாசம் கேட்டுக்கொண்டு நிற்பார். மீன் எவ்வளவு, தண்ணீர் என்ன நிறம், சமையல்காரன் குழம்பில் உப்பைக் கொட்டியது. பதிவேட்டில் அந்த நாட்களைப் பாருங்கள். 'வீட்டார்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நாளும் போகவில்லை. பிரகாசம் வீட்டார்தானே. அதுவும் உண்மை.

இப்போது இருபத்துமூன்று.

அன்றைக்கு மீன் நிறைந்துவிட்டது, மறுநாள் காலையில் திரும்புகிறோம் என்றார் கிளீட்டஸ். எல்லாருக்கும் சந்தோஷம். மூன்று நிமிடம் முடிந்ததும் நான் கையைக் காட்டினேன். அப்போது அவர், "அப்பா, ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

பிரகாசம் எண்ணிவிட்டு, "கேளுலே," என்றார்.

"அண்ணைக்குத் தூங்கினது நான்தான்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். பதினாறு வருடத்துக்கு முன்னால், அப்பாவோடு போன பயணம். விடியப் போகிற நேரம், படகைத் திருப்புகிற வளையம் கிளீட்டஸ் கையில். அசந்து தூங்கிவிட்டார். கண்ணைத் திறந்தால் சரக்குக் கப்பல் ஒன்று மேலே ஏறுகிற மாதிரி வருகிறது. படகு ஒரு முழத்தில் தப்பியது. எட்டு மைல் கயிறும் தூண்டிலும் கப்பலுக்குக் கீழே போய்விட்டது. கரைக்கு வந்ததும் வியாகுலம் ஊரைக் கூட்டி, நான்தான் தூங்கிவிட்டேன் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு அவரை யாரும் ஸ்ராங்காகக் கூப்பிடவில்லை. தூங்குமூஞ்சி ஸ்ராங்கு என்றுதான் பெயர். எனக்கே தெரியும் அந்தப் பெயர். சின்ன வயதில் அவர் முதுகுக்குப் பின்னால் நானும் சொல்லியிருக்கிறேன்.

"பதினாறு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்பா. வாயத் தெறந்தா நீங்க விடல. எதுக்குப்பா ஒங்க பேரச் சொன்னீங்க?"

ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் தெரியாது. ஒன்று, இரண்டு. அதற்கும் மேலே போனது. நான் எண்ணவில்லை. பிறகு பிரகாசம் சொன்னார், "ஒனக்கு அப்பதானேலே பொண்ணு பேசி வச்சிருந்தோம். நான் வேற என்ன சொல்லுவேன்?"

பிறகு அவரிடம் கேட்டேன், அண்ணன் உங்களிடம் சொல்லியிருந்தாரா என்று. "இல்ல பிள்ளே. ஆனா அவன் அதத்தான் சொல்லியிருப்பான்," என்றார்.

மிச்ச நேரம் கிளீட்டஸ்தான் பேசினார். எல்லாவற்றையும் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நான் கூரைப் பக்கம் நடந்திருக்கலாம். பத்தடிதான். நடக்கவில்லை. அதுதான் உங்கள் நாற்பத்தொரு நிமிடம்.

கடைசியில், "அப்பா, எப்பவும் ஒண்ணு சொல்லுவீங்கல்லா. அதச் சொல்லுங்க," என்றார்.

பிரகாசத்துக்கு அது தெரியாது. ரோசம்மாவுக்கும் தெரியாது, பெரியவர் இருந்தவரை அவர் இங்கே வந்ததே இல்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! பிரகாசத்தின் காதில் சொன்னேன். அவர் சொன்னார். "தூங்கிராதலே." அழுகையில் எண்ண மறந்துவிட்டார். கிளீட்டஸ் பதிலுக்கு ஏதோ சொல்ல, இவர் அதன் மேலேயே இன்னொரு தடவை, "தூங்கிராதலே மக்கா," என்றார். இரண்டும் மோதி ஒன்றும் விளங்காமல் போன் கட்டாகிவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி படகுகள் வந்தன. விஷயத்தை எப்படிச் சொல்வது என்று துறைமுகத்தில் பங்குச் சாமியாரோடு எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். கிளீட்டஸ் இறங்கினார். சட்டைப்பையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. துக்கத்துக்கு நாங்கள் குத்துகிற துணி. கயிறு கிடக்கிற இடம் தெரியக் கடலில் மிதக்க விடுவார்கள் இல்லையா, கறுப்புக் கொடி, அதில் இருந்து கிழித்த துண்டு. கலங்கரை விளக்கம் கண்ணில் பட்ட பிறகுதான் எடுத்துக் குத்தினாராம். கூட இருந்த பதினோரு பேரும் அப்போதுதான், என்ன ஏது என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "சித்தப்பாவுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தது நீதானா?"

"ஆமாண்ணா."

"எங்கப்பன் ஒருநாளும் எண்ணினதில்ல." கறுப்புத் துணியைச் சரியாகக் குத்திக்கொண்டே சொன்னார், "மொத நாளே தெரிஞ்சிட்டு. பதினஞ்சாந் தேதி. அவரு காத்துக்கிட்டு நின்னாருல்லா, அப்பவே."

அந்தப் பதினோரு நொடி சார்.

"பிறகு ஏன் அண்ணா..." என்று கேட்டேன். "சொன்னா பத்துப் போட்டும் திரும்பணும். நூறு பேரு," என்றார். அதற்குப் பிறகு, "எங்கப்பனோட ஒரு நாளாவது பேசி முடிக்கணும்னு இருந்துச்சு," என்றார்.

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், மருத்துவ அவசரம் என்று எப்படி எழுத? 'வீட்டார்' என்றும் அன்றைக்கு எழுத வரவில்லை. பிரகாசம் என்று எழுதுங்கள் என்பீர்கள். அதுதான் சார் பொய். அந்த நாற்பத்தொரு நிமிடத்தில் ஒரு வார்த்தைகூடப் பிரகாசத்திடம் பேசியது இல்லை. பேசியவர் அப்பா இல்லை என்று தெரிந்தும் அப்பாவிடம்தான் பேசினார், கேட்டவரும் அண்ணனாக நின்றுதான் கேட்டார். நடுவில் நின்று போனைப் பிடித்தவள் நான். பேசியது தகப்பனும் மகனும்தான். விதியை மீறியது என்று எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், மீறியதுதான். முப்பத்தெட்டு நிமிடம் அதிகம். அந்தத் தப்புக்கு என் பெயரைப் போடுங்கள். போனை மட்டும் அந்தப் படகில் இருந்து எடுக்காதீர்கள், நூறு பேர் சார். கட்டத்தை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

ஐந்து பதினெட்டு ஆகிவிட்டது. இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் படகைக் கூப்பிட வேண்டும். வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா?

செல்போன் சார், மறுபடியும் என் அப்பா. ஐஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று காது போய்விட்டது. போனை எடுத்தால் சாப்பிட்டியா, வேலை என்னாச்சு, அந்த ஆபீசர் வந்தாரா என்று அவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டே போவார். நான் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்காது, நடுவில் நுழையவும் முடியாது. எடுத்து என்ன பிரயோஜனம்?

அடித்து ஓயட்டும் சார். நீங்கள் கேளுங்கள்.